எவ்ளோ குடுக்குது?

எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது புது வண்டி வாங்கினால் நாங்கள் விலையைக் கேட்பதில்லை, கலரைப் பற்றிப் பேசுவதில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, சீட்டை ஒரு தட்டு தட்டி, "எவ்ளோ குடுக்குது?" என்றுதான் கேட்போம். மொபெட் ஆனாலும் லாரி ஆனாலும் கேள்வி அதேதான். வண்டி குடுக்கும், நாம் வாங்கிக்கொள்வோம். ஒருத்தனுக்கு அறுபது குடுக்கிற வண்டி இன்னொருத்தனுக்கு நாற்பத்தைந்துதான் குடுக்கிறது என்றால் வண்டியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவனைத்தான் பார்ப்பார்கள்.

டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எதிர் வீட்டுக்காரர் வாசலில் ஒரு டிராவல் ட்ரெய்லர் வந்து நின்ற அன்று அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பிக்கப் ட்ரக்குக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "பதினாலு காட்டுது தலைவா" என்றார். கேலனுக்குப் பதினாலு மைல்.

மூன்றே மாதத்தில் நானும் ஒரு ட்ரெய்லர் வாங்கினேன். அவர் வாங்கியதால்தான் வாங்கினேன், இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ட்ரக்கும் அவருடையது போலவே, அதே இன்ஜின். ட்ரெய்லரும் அதே நீளம். முதல் ட்ரிப் போய் வந்து பார்த்தால் எனக்கு ஒன்பது குடுத்திருந்தது.

அந்த ஐந்து மைல் வித்தியாசம் என்னைத் தின்றது. மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வரும். பல் தேய்க்கும்போது ஞாபகம் வரும். ஒரே இன்ஜின், ஒரே நீளம், ஒரே ரோடு. அவருக்குப் பதினாலு, எனக்கு ஒன்பது.

அவர் சென்னை அண்ணா நகர்க்காரர். அப்பா டாக்டர், தாத்தா வக்கீல். சின்ன வயதிலேயே வீட்டில் கார் இருந்தது. ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காபி குடித்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டு ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பார். ஒரே தடவையில் நேராகப் போய் நிற்கும். நான் திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர் மகன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். எனக்கு எதுவும் பார்த்துப் பழகி வந்ததில்லை. சைக்கிளுக்குப் பிறகு வந்த எல்லாமே படித்து வந்தவை. ஃபோர்க்கைப் பிடிப்பதைக்கூட வீடியோ பார்த்துத்தான் கற்றேன். ஒன்றே ஒன்றை மட்டும் நம்பியிருந்தேன்: படித்தால் மார்க் வரும். இதுவரை வந்தும் இருந்தது.

ஆகவே படித்தேன். ட்ரக்கின் மேனுவல், ட்ரெய்லரின் மேனுவல், ட்ரெய்லர் இழுப்பவர்கள் கூடும் ஆன்லைன் மன்றங்கள் எல்லாவற்றையும். ரிடையர் ஆன அமெரிக்கத் தாத்தாக்கள் அங்கே காற்றைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வண்டி எடையைவிட வண்டியின் முகத்தில் அடிக்கிற காற்றுதான் பெட்ரோலைக் குடிக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மணிக்கு எழுபத்தைந்து மைலில் போகிறவன் அறுபதுக்கு இறங்கினால் அதுவே பாதி வைத்தியம். டயரில் காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன்னால், முழு அளவுக்கு அடிக்க வேண்டும். ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டோ தொங்கப்போட்டுக்கொண்டோ போகக்கூடாது, தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். ட்ரக் கூரையில் பெட்டி, சைக்கிள் எதுவும் கூடாது.

ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒன்பதே கால். ஒன்பதரை.

அதற்கு மேல் ஏற்ற எடையில் கை வைக்க வேண்டியிருந்தது. ட்ரெய்லருக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. போகிற இடத்தில் குழாய் இருக்கிறது என்று தெரிந்தால் தொட்டியைக் காலியாகவே எடுத்துப் போகச் சொல்கிறார்கள் தாத்தாக்கள். நானோ ஒவ்வொரு ட்ரிப்புக்கும் வீட்டுக் குழாயில் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். லாரித் தண்ணிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த ஊரில் வளர்ந்தவனுக்குக் காலித் தொட்டியோடு வாசல் தாண்ட மனசு வருமா? நூற்றைம்பது கிலோ தண்ணீரை இருநூறு மைல் இழுத்துப் போய், அங்கே குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, திரும்ப இழுத்து வந்திருக்கிறேன். அன்றைக்குத் தொட்டியைத் திறந்துவிட்டேன். புல்வெளி முழுக்க ஓடியது. ஏதோ பாவம் செய்வதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து சமையல் கட்டு. அரிசி மூட்டை, குக்கர், பெரிய சாம்பார் அண்டா எல்லாவற்றையும் இறக்கினேன். வெட் கிரைண்டரைத் தூக்கியபோது மனைவி வந்துவிட்டாள்.

"அத எதுக்குங்க எறக்கறீங்க?"

"கல்லு. பதினஞ்சு கிலோ இருக்கும்."

"அங்க போயி மாவுக்கு என்ன பண்றது?"

"அரைச்சு ஐஸ் பாக்ஸ்ல எடுத்துட்டுப் போலாம்."

"நாலு நாளைக்கா? புளிச்சு நாறிரும். கிரைண்டர எறக்கறதுன்னா என்னையும் சேத்து எறக்கிருங்க. அம்பத்தெட்டு கிலோ கொறையும். பதினாலு என்ன, இருவதே குடுக்கும்."

கிரைண்டர் திரும்ப ஏறியது. பத்தரை வந்தது. கிரைண்டர் இல்லாவிட்டால் பத்தே முக்கால் வந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எதிர் வீட்டுக்காரர் இதில் ஒன்றையும் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை. கூரையில் கயாக் படகு, பின்னால் நிற்க வைத்த நான்கு சைக்கிள்கள், உள்ளே இரும்பு கிரில் அடுப்பு. ஃப்ரீவேயில் எழுபத்தைந்துக்குக் குறைந்து அவர் போய் நான் பார்த்ததில்லை. வாரக் கடைசியில் தெருவில் பார்த்து, "அண்ணா, போன ட்ரிப் எவ்ளோ குடுத்துச்சு?" என்று கேட்டால், "அதே பதினாலுதான் தலைவா. ஏன், உனக்கு?" என்பார். "பதினொண்ணு கிட்ட" என்பேன். வாயில் அரை மைல் கூடியிருக்கும். "ஒண்ணும் பண்ணாத, சும்மா ஓட்டு, தானா குடுக்கும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார். தட்டின இடம் கொஞ்ச நேரம் எரியும்.

வீட்டில் அவர் பேச்சே எடுக்க முடியாது என்றாகிவிட்டது. ஏரிக்கரையில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டு எல்லோரும் தண்ணீரில் இறங்கிய பிறகும் நான் ட்ரக்கில் உட்கார்ந்து மீட்டர் காட்டும் மைலேஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஈரத் தலையோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"ஒரு ட்ரிப்புலயாவது வெளிய பாத்திருக்கீங்களா? ஒண்ணு மீட்டரப் பாக்கறீங்க, இல்லாட்டி அவுரு ட்ரெய்லரோட பின்பக்கத்தப் பாக்கறீங்க."

"இல்ல, எங்கயோ தப்புப் பண்றேன். அது என்னன்னு மட்டும் தெரிஞ்சா..."

"வித்துரலாம்."

"என்னது?"

"ட்ரெய்லர. நெசமாத்தான் சொல்றேன். ஸ்பிரிங் பிரேக் லீவுக்குப் போறமில்ல, அதுல போயிட்டு வர்றதுக்கு மொத்தமா பன்னெண்டு வரோணும். வந்துச்சுன்னா வெச்சுக்கலாம், நீங்களும் மனசு ஆறிருவீங்க. வல்லைன்னா வித்துரோணும். எனக்கு என் புருசன் திரும்ப வேணும்."

சரி என்றேன். அந்த ட்ரெய்லர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை அப்போது அவளிடம் சொல்லத் தெரியவில்லை. என் மகள் அதன் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கால் நீட்டுவாள். நான் வளர்ந்த வீட்டில் ஜன்னலே கிடையாது. விற்க எனக்கு மனசில்லை. ஆனால் பன்னிரண்டு வரும் என்று நம்பினேன். இவ்வளவு படித்திருக்கிறேனே.

டெக்சாஸின் வடமேற்கு மூலையில் இருக்கிற பாலோ டூரோ பள்ளத்தாக்குக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து கிளம்பினோம். தொட்டி காலி, டயர் சரி, கூரை சுத்தம். அறுபதில் பிடித்து வைத்தேன். டெக்கேட்டர் ஊரைத் தாண்டுவதற்குள் எதிர் வீட்டுக்காரர் ஹாரன் அடித்துக் கையாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அவருடைய சைக்கிள்கள் ஆடிக்கொண்டே சின்னதாகி மறைந்தன.

விசிட்டா ஃபால்ஸ் வரைக்கும் பதினொன்றரை காட்டியது. எனக்குப் பாட்டே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் காற்று ஆரம்பித்தது. மார்ச் மாதத்து மேற்குக் காற்று. அந்தச் சமவெளியில் அதைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. ட்ரக்கின் நெற்றியில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி அடித்தது. ரோடோ கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகிறது. பதினொன்று. பத்து. ஒன்பதே முக்கால். பின் சீட்டில் இருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயது. தமிழ் முழுக்கப் புரியும், ஆனால் பதில் மட்டும் அவள் பள்ளிக்கூடத்து மொழியில்தான் வரும்.

"அப்பா, ஆர் வீ லூசிங்?"

"நாம யார்கூடவும் ரேஸ் ஓட்டல சாமி."

"தென் ஒய் ஆர் யூ மேட்?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சில்ட்ரஸ் தாண்டி ஒரு பத்து மைல் போயிருப்போம். ரோட்டோரத்தில் அவருடைய ட்ரெய்லர் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. ட்ரெய்லர் டயர் ஒன்று வெடித்து நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒரு ஓரத்தில் ஏதோ இனித்தது. அந்த இனிப்பை விழுங்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நிறுத்தி இறங்கினேன்.

"வா தலைவா, கடவுள் மாதிரி வந்த" என்றார். சட்டையெல்லாம் புழுதி.

"கடைசியா எப்பண்ணா காத்து அடிச்சீங்க?"

"அதுல நாம வேற அடிக்கணுமா?"

கொஞ்ச தூரத்தில் நின்றிருந்த அவர் மனைவி கையைப் பிசைந்தார். "யார் கண்ணு பட்டுதோ தெரியல. போன வாரம்தான் கோவில்ல எல்லாரும் நம்ம ட்ரெய்லரைப் பத்தியே பேசிண்டிருந்தா."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் டயரைப் பார்த்தேன்.

அந்த ட்ரெய்லருக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம். நல்ல சக்கரத்தைச் சரிவான கட்டை ஒன்றின் மேல் ஏற்றினால் வெடித்த சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். கட்டை என்னிடம் இருந்தது. அவர் கீழே உட்கார்ந்து கட்டையைச் சக்கரத்துக்கு நேராகச் சரி பார்த்துவிட்டு எழுந்து தள்ளி நின்றார். "நீ என் ட்ரக்கைக் கொஞ்சம் முன்னாடி எடுத்துக் குடு. மெதுவா" என்றார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அந்தப் பதினாலு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாத எண்ணை நேரில் பார்க்கிறேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு எண். கடைசியாக அழித்ததிலிருந்து ஓடிய தூரம். பதினோராயிரம் மைலுக்கு மேல்.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாங்கிய நாளிலிருந்து அவர் அதை அழிக்கவே இல்லை. ட்ரெய்லர் இழுக்கத் தொடங்கும்போது அழித்துவிட்டு, அதற்குப் பிறகு ஓடுகிற தூரத்துக்கு மட்டும் கணக்கு எடுக்க வேண்டும். அவருடைய பதினாலில் ஆபீஸ் இருந்தது. மகனின் நீச்சல் கிளாஸ், ஹனுமான் கோயில், மளிகைக் கடை எல்லாம் இருந்தன. பின்னால் எதையும் இழுக்காமல், ஃபிரிஸ்கோவின் வழுவழு ரோட்டில் ஒற்றை ஆளாகப் போன அத்தனை மைலும் இருந்தன. ட்ரெய்லரோடு ஓடியது அதில் ஒரு ஓரம்தான். நான் "எவ்ளோ குடுக்குது" என்று கேட்டேன், வண்டி காட்டியதை அவர் சொன்னார். எங்கள் ஊர்க் கேள்விக்கு எங்கள் ஊர்ப் பதில். இழுக்கும்போது எவ்வளவு என்று நானும் பிரித்துக் கேட்கவில்லை, அவரும் பிரித்துச் சொல்லவில்லை.

"தலைவா, எடு!" என்று வெளியே இருந்து குரல் வந்தது. எடுத்தேன்.

டயர் மாற்றி முடிந்ததும் அவர் மனைவி உள்ளே போய் எலுமிச்சம்பழங்களோடு வந்தார். அந்தக் காற்றில் கற்பூரம் ஏற்ற முடியாது, அந்தப் பக்கம் அப்போது தீ மூட்டவும் தடை. அதனால் பழத்தை மட்டும் ட்ரெய்லரைச் சுற்றி மூன்று முறை காட்டி டயருக்குக் கீழே வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்களும் நில்லுங்கோ. இவ்வளவு ஒத்தாசை பண்ணியிருக்கேள். எவன் கண்ணாவது உங்க மேலயும் பட்டிருக்கும்."

என் தலையைச் சுற்றி எலுமிச்சம்பழம் மூன்று முறை போய்வந்தது. என் மனைவி இருமுவது போலப் பாவனை செய்துகொண்டு ட்ரக்குக்குப் பின்னால் போய்விட்டாள். சிரிக்கிற சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது.

பள்ளத்தாக்கில் இறங்கிக் கொக்கியைக் கழற்றும்போது எனக்கு எட்டே முக்கால் காட்டியது.

அடுத்த நாள் காலையில், சிவப்புப் பாறைகளில் வெயில் ஏறுகிற நேரத்தில், அவர் வெளியே கேஸ் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கிரைண்டரில் அரைத்த மாவுதான். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது.

"அண்ணா, அந்தப் பதினாலு ட்ரெய்லரோட வர்றது இல்லண்ணா. நீங்க ஆபீஸ் போறதும் அதுல சேந்திருக்கு. அத ரீசெட் பண்ணோணும்."

"அப்டியா?" தோசையைத் திருப்பிப் போட்டார். "அதை ரீசெட் வேற பண்ணலாமா? அப்போ ட்ரெய்லரோட நிஜமா எவ்ளோ குடுக்கும்?"

"உங்க ஸ்பீடுக்கு எட்டு, எட்டரை இருக்கும்."

"ஓ, எட்டா?" என்று சிரித்தார். "சரி, எட்டு குடுக்குதுன்னு சொல்லிட்டாப் போச்சு. முறுகலா வேணுமா, மெத்துனு வேணுமா?"

அவ்வளவுதான். அதோடு முடிந்துவிட்டது அவருக்கு. கையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். பதினாலு எட்டாக இறங்கியது அவர் முகத்தில் எங்கேயும் தெரியவில்லை. தோசை வட்டமாக வந்தது. என் மார்க் இரண்டு குறைந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் என் அப்பாவைப் பார்க்கிற பார்வை மாறும். எனக்குக் குறையவே கூடாது. குறைந்தாலும் ஒன்றும் ஆகாத வீட்டில் அவர் பிறந்திருக்கிறார். அந்த எண் போய்விட்டால் என் பொறாமையும் போய்விடும் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. இடம்தான் மாறி உட்கார்ந்தது. முன்பு அவருடைய மைல்களின் மேல் இருந்தது, இப்போது எண் இறங்கியும் கெடாத அவருடைய பசியின் மேல்.

மனைவியிடம் சொன்னேன். "அப்ப நீங்கதான் அவுர விட நல்லா ஓட்டியிருக்கீங்க" என்றாள். "சந்தோசமா?"

"இல்ல."

"எனக்குத் தெரியும்."

கிளம்புகிற அன்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் செங்குத்து ரோடு வரைக்கும் நான் ஓட்டினேன். மேலே வந்ததும் ஓரங்கட்டச் சொன்னாள். காலி பார்க்கிங் லாட்டில் இரண்டு மூன்று முறை அவள் ட்ரெய்லரோடு பழகியிருந்தாள். ரோட்டில் நான்தான் விட்டதில்லை.

"எறங்குங்க, நான் ஓட்டறேன். நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஓட்டுனா வண்டியும் அந்தப் பக்கமே இழுத்துட்டுப் போகுது."

"காத்து இருக்குது..."

"எந்தப் பக்கம் இருக்குது?"

பார்த்தேன். முந்தின நாளே திரும்பியிருந்தது. வடக்கிலிருந்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் அடித்தது. சீட்டை முன்னால் தள்ளி உட்கார்ந்தாள். அறுபதில் பிடித்தாள். தோள் இறுகவில்லை. மகளோடு சேர்ந்து பாட்டுப் பாடினாள். நான் பக்கத்து சீட்டில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எண் ஏற ஆரம்பித்தது. பதினொன்று. பன்னிரண்டு. சில்ட்ரஸ் வந்தபோது பதிமூன்று.

"காத்து பின்னாடி தள்ளுது. ரோடும் நம்ம ஊரு வரைக்கும் எறக்கம்தான்" என்றேன். கேட்காமலேயே சொன்னேன்.

"ஆமாமா. உங்களுக்கு வந்தாத் திறமை, எனக்கு வந்தாக் காத்து."

"அம்மா இஸ் வின்னிங்!" என்று பின் சீட்டில் கை தட்டல்.

"அடுத்த ஊருல மாத்திக்கலாம், நீ களைச்சிருப்ப" என்றேன். பார்க்கலாம் என்றாள். விசிட்டா ஃபால்ஸில் பெட்ரோல் போட நிறுத்தினோம். நான் போட்டு முடித்துத் திரும்பினால் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டெக்கேட்டரில் நிறுத்தவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் போக வர இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். பன்னிரண்டு வரவில்லை. பத்தரை சொச்சம்தான். நான் ஓட்டிப் போனபோது இழந்ததை அவள் ஓட்டி வந்தபோது முழுசாக மீட்க முடியவில்லை. பேச்சு பேச்சுதான்.

"வித்துரலாமா?" என்று கேட்டேன்.

"எதை?"

"நீதான சொன்ன. பன்னெண்டு வரல."

"உங்க கைல இருந்தத விக்கச் சொன்னேன். இப்ப அது என் கைல இருக்குது" என்று ட்ரக்கிலிருந்து குதித்து இறங்கினாள். சாவி அவள் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் போனது.

எதிரில், எங்களுக்குப் பிறகு கிளம்பிய அவர் அப்போதுதான் வந்து சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கையாட்டினாள். எனக்குக்கூட அவள் இத்தனை உற்சாகமாகக் கையாட்டி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே சத்தமாகக் கேட்டாள்.

"அண்ணா! அடுத்தது எங்க போறோம்?"